நீரிலே பிறக்கும் நிறமணிகள்

(சரோஜினி நகரில் நடைபெற்ற நம் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா என்றால் இசை உண்டு, நாடகம் உண்டு, இலக்கியச் சொற்பொழிவும் உண்டு. இவற்றிடையே விஞ்ஞானம் பற்றியும் சிறிது நேரம் பேசப்படவேண்டும் என்று சங்கத்தார் விரும்பி, அப்பணியை நம்மிடம் ஒப்படைத்தனர். இரயில்வே அலுவலகத்தில் ஏடுகளோடு காலங்கழிக்கும் எழுத்தர் நாம். படிப்பும் பள்ளி இறுதி வகுப்போடு நின்றது. ஆயினும் விஞ்ஞானம் பட்டம் பெற்றோர்க்கு மட்டும் பட்டா எழுதித் தந்த நிலமன்று. தாய்மொழியில் நிதானமாக எடுத்துரைத்தால் எவர்க்கும் விளங்கும் என்னும் துணிவு ஒன்றே நம்மை இம்மேடையில் நிறுத்தியிருக்கிறது.

இன்று கடைவீதிகளில் 'கியூஎல்இடி' என்று பெயர் எழுதிய தொலைக்காட்சிப் பெட்டிகளைக் காண்கிறோம். அப்பெயரின் முதலெழுத்து 'குவாண்டம்' என்னும் சொல்லைக் குறிக்கின்றது. அப்பெட்டிகளின் திரையில் பச்சையையும் சிவப்பையும் தூய்மையாகக் காட்டுவதற்குக் குவாண்டம் புள்ளிகள் என்னும் மிக நுண்ணிய மணிகள் பயன்படுகின்றன. அம்மணிகளைக் கொதிக்கும் எண்ணெய் போன்ற திரவங்களில் அல்லாமல் வெறும் நீரிலே செய்வது எங்ஙனம், அண்டாவில் அல்லாமல் ஓடும் குழாயிலே செய்வது எங்ஙனம் என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் அம்மணி யாது என்று பார்ப்போம். தங்கம் ஒரு சவரனாக இருந்தாலும் ஒரு குன்றிமணி எடையாக இருந்தாலும் நிறம் மஞ்சளே. நிறம் பொருளைச் சார்ந்தது, அளவைச் சார்ந்ததன்று என்பதே நாம் கண்ணாரக் கண்டு பழகிய வழக்கம். ஆனால் சில பொருள்களை மிக மிகச் சிறிதாக்கிக்கொண்டே போனால் ஓரெல்லைக்குக் கீழே இவ்வழக்கம் மாறிவிடுகின்றது. ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்குக்கு நானோமீட்டர் என்று பெயர். நம் தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். நாம் சொல்லும் மணிகளோ 2 முதல் 10 நானோமீட்டர் அளவினவே. செம்பைப் போல மின்சாரத்தை நன்கு கடத்தாமலும், கண்ணாடியைப் போல முற்றும் தடுக்காமலும் இடைநிலையில் நிற்கும் பொருளுக்குக் குறைகடத்தி என்று பெயர். காட்மியம் செலினைடு அத்தகைய பொருள்களுள் ஒன்று. அதனை ஏறத்தாழ 2 நானோமீட்டர் மணியாகச் செய்து புற ஊதா ஒளியில் வைத்தால் நீலமாக ஒளிரும். மணி வளர வளரப் பச்சையும், மஞ்சளும், ஆரஞ்சும் தோன்றி, 6 நானோமீட்டர் அளவில் சிவப்பாகிவிடும். பொருள் ஒன்றே, அளவு மட்டுமே வேறு!

இவ்விந்தையின் காரணத்தை வீணையைக் கொண்டு உணரலாம். ஒரே தந்தியை நீளமாக அதிரவிட்டால் தாழ்ந்த சுரம். விரலால் அழுத்தி நீளத்தைக் குறைத்தால் உயர்ந்த சுரம். குறைகடத்தி மணிக்குள் இருக்கும் எலக்ட்ரானும் ஒருவகை அலையே. பெரிய கட்டியில் அதற்குத் தாராளமான இடம் உண்டு. மிகச் சிறிய மணிக்குள் அடைத்துவிட்டால், சுருங்கிய தந்தியைப் போல அது உயர்ந்த சுரத்தை அடைகின்றது. ஒளியுலகில் உயர்ந்த சுரம் நீலம். தாழ்ந்த சுரம் சிவப்பு. ஆகவே மணியின் அளவே அதன் சுருதி எனலாம்.

இவ்வுண்மை வெளிப்பட்ட வரலாறும் சுவையானது. 1981-ஆம் ஆண்டில், அப்போது லெனின்கிராடு என்று வழங்கிய நகரில், அலெக்சி எகிமோவ் என்பார் செம்புக் குளோரைடு கலந்த கண்ணாடியை ஆராய்ந்துவந்தார். 500 முதல் 700 டிகிரி சென்டிகிரேடு வரை சூடேற்றி, 1 மணி நேரம் முதல் 96 மணி நேரம் வரை வைத்துப் பார்த்தபோது, கண்ணாடிக்குள் விளைந்த படிகங்கள் வெவ்வேறு அளவில் இருந்தன. அளவிற்கேற்ப அவை ஒளியை ஏற்கும் விதமும் மாறியது. 1983-இல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் லூயி புரூஸ் என்பாரும் அவர்தம் துணைவரும், காட்மியம் சல்பைடு நுண்படிகங்களைக் கண்ணாடியில் அன்று, நீரிலேயே உண்டாக்கி ஆராய்ந்து வெளியிட்டனர். செய்தவுடன் ஏறத்தாழ 4.5 நானோமீட்டராக இருந்த துகள்கள், மேசைமேல் ஒரு நாள் வைத்திருந்தபின் 12.5 நானோமீட்டராக வளர்ந்திருந்தன. ஒளியை ஏற்கும் இயல்பும் மாறியிருந்தது.

இவ்விடத்தில் தமிழராகிய நாம் ஒன்றை நினைவுகூர வேண்டும். புரூஸ் அத்துகள்களைச் சோதித்த முறைகளுள் இராமன் நிறமாலை முறையும் ஒன்று. திருவானைக்காவலில் பிறந்த சர் சி. வி. இராமனும், வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் 1928-இல் கல்கத்தாவில் கண்ட உண்மையே அம்முறைக்கு அடிப்படை. அந்தக் கிருஷ்ணனே பின்னர் இத்தில்லி மாநகரில் எழுந்த தேசிய பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தின் முதல் இயக்குநர். பூசாவில் அக்கூடம் அமைந்துள்ள சாலைக்கே அவர் பெயர் வைக்கப்பட்டிருக்கின்றது. பணிக்காகத் தில்லிக்கு வந்த தமிழர் வரிசையில் அத்தகையவரும் ஒருவர் என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி.

அளவே நிறம் என்று அறிந்தாயிற்று. எஞ்சியது செய்முறை. இங்கேதான் இடர்ப்பாடு முழுவதும் இருக்கின்றது. ஒரு குப்பியில் கோடானுகோடி மணிகள் பிறக்கின்றன. அவை அனைத்தும் ஒரே அளவினவாக இருந்தால்தான் நிறம் தூய்மையாக இருக்கும். சில சிறிதும் சில பெரிதுமாக அமைந்தால் பச்சையும் மஞ்சளும் சிவப்பும் கலந்து கலங்கிய நிறமே கிடைக்கும். 1993-இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மௌங்கி பவெண்டியும் அவர்தம் மாணவரும் இதற்கு வழிகண்டனர். ஏறத்தாழ 300 டிகிரி வரை சூடாக்கிய எண்ணெய் போன்ற கரைப்பானில் மூலப்பொருள்களைச் சட்டென்று பீய்ச்சினால், எல்லா மணிகளும் ஒரே நொடியில் கருக்கொண்டு ஒத்து வளரும் என்பதே அவ்வழி. எகிமோவ், புரூஸ், பவெண்டி ஆகிய மூவருக்கும் 2023-ஆம் ஆண்டின் இரசாயன நோபெல் பரிசு பகிர்ந்து வழங்கப்பெற்றது.

முறை சிறந்ததே, ஆனால் அதற்குக் கொடுத்த விலை சிறிதன்று. முதலில் பயன்படுத்திய டைமெத்தில் காட்மியம் கொடிய நஞ்சு. காற்றுப் பட்டால் தீப்பற்றும் இயல்பும் உடையது. பிற்காலத்தில் அதற்குப் பதிலாகப் பாதுகாப்பான பொருள்கள் வந்தன. எனினும் கொதிக்கும் கரைப்பான், காற்றை விலக்கும் கருவி, கழிவைப் போக்கும் செலவு ஆகியவை நின்றபாடில்லை. மேலும் எண்ணெயிற் பிறந்த மணி நீரில் கரையாது. உயிரணுக்களுக்கு ஒளியூட்டிப் பார்க்கும் மருத்துவ ஆராய்ச்சிக்கு அது வேண்டுமென்றால், மேலுறையை மாற்றி நீருக்குப் பழக்க வேண்டும். அம்மாற்றத்தில் ஒளி மங்குவதும் உண்டு. உயிர் வாழ்வது நீரில் அல்லவா?

அப்படியாயின் நீரிலேயே செய்தால் என்ன? பள்ளி ஆய்வுக்கூடத்தில் காட்மியம் உப்புக் கரைந்த நீரோடு சல்பைடு கரைந்த நீரைச் சேர்த்தால் மஞ்சள் நிற வண்டல் உடனே படியும். அது வரம்பின்றி வளர்ந்துவிட்ட படிகக் கூட்டம். வளர்ச்சியை நானோமீட்டர் அளவிலேயே நிறுத்த வேண்டுமானால் ஒவ்வொரு மணியைச் சுற்றியும் ஒரு வேலி வேண்டும். ஒரு முனையில் கந்தகமும் மறுமுனையில் நீரை விரும்பும் பகுதியும் கொண்ட தயால் என்னும் மூலக்கூறுகள் அவ்வேலியாகின்றன. கந்தக முனை மணியைப் பற்றிக்கொள்ளும். மறுமுனை நீரை நோக்கி நிற்கும். 1996-இல் ஆந்திரே ரோகாச், ஹோர்ஸ்ட் வெல்லர் முதலியோர் காட்மியம் டெல்லுரைடு மணிகளை இவ்வாறு நீரில் செய்துகாட்டினர். நீரைக் கொதிநிலையில் எவ்வளவு நேரம் வைத்திருக்கிறோமோ அதற்கேற்ப மணி வளர்ந்து, பச்சையிலிருந்து சிவப்பு நோக்கிச் செல்லும்.

ஆகவே நிறத்தைத் தருவது அளவு. அளவைத் தருவது காலம். இவ்விரண்டையும் மனத்தில் இருத்திக்கொண்டால் இனி வருவது எளிது.

கலியாண வீட்டில் அண்டாவில் வெல்லப்பாகு காய்ச்சுவதைத் தாய்மார்கள் அறிவார்கள். அதிரசத்துக்குப் பாகு பதமாக இருக்கவேண்டிய நேரம் சில கணங்களே. அண்டா பெரிதாக இருந்தால் அடியில் பதம் மிஞ்சியிருக்கும். நடுவில் பதம் வந்திராது. இறக்கி வைத்த பின்னும் சூடு தணியாமல் பதம் ஓடிக்கொண்டேயிருக்கும். குவாண்டம் மணிகளுக்கும் இதே கதிதான். சிறு குடுவையில் அழகாக வந்த நிறம் பெரிய பாத்திரத்தில் வருவதில்லை. போதாக்குறைக்கு, நேரம் மிஞ்சினால் சிறு மணிகள் கரைந்து, அவற்றின் பொருளைக் கொண்டு பெரு மணிகள் மேலும் பெருக்கும். பெரிய மீன் சின்ன மீனை விழுங்கும் நியாயம் அங்கும் உண்டு!

இதற்குக் கண்ட மாற்றே தொடர் ஓட்ட முறை. பாத்திரத்தை நிறுத்திவைத்துக் காய்ச்சுவதற்கு மாறாக, மெல்லிய குழாயில் திரவத்தை ஓடவிட்டு, ஓடும்போதே வினை நிகழச் செய்வது அம்முறை. 2002-இல் இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஆண்ட்ரூ டிமெல்லோ முதலியோர், நுண்கால்வாய்கள் அமைத்த ஒரு சிறு சில்லுக்குள் காட்மியம் நைட்ரேட்டு கரைந்த நீரையும் சோடியம் சல்பைடு கரைந்த நீரையும் ஓடவிட்டுக் கலந்து காட்மியம் சல்பைடு நுண்துகள்களைச் செய்தனர். ஓடும் நீரில் குறைகடத்தி மணிகள் பிறந்த தொடக்ககாலச் சோதனைகளுள் அது ஒன்று.

இம்முறையின் நுட்பத்தை இரயிலில் ஊர் செல்லும் நம்மவர்க்கு விளக்குவது எளிது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறியவர் கடிகாரம் பார்ப்பதில்லை. குவாலியர் கடந்தது, போபால் வந்தது, நாக்பூர் போயிற்று, விஜயவாடா நெருங்குகிறது என்று நிலையங்களைக் கொண்டே நேரத்தை அறிகிறார். வண்டி சீராக ஓடுமானால் இடமே காலம்; கிலோமீட்டர்க் கல்லே கடிகாரம். குழாயிலும் அப்படியே. நுழைவாயிலில் இரு திரவங்களும் கலக்கின்றன. முதல் மீட்டரில் மணிகள் கருக்கொள்கின்றன. அடுத்த மீட்டர்களில் வளர்கின்றன. குறித்த இடத்தில் குழாயைக் குளிர்நீரில் இறக்கினால் வளர்ச்சி நின்றுவிடுகின்றது. இன்று காலையில் புறப்பட்ட துளியும் நாளை மாலையில் புறப்படும் துளியும் ஒரே தூரத்தைக் கடந்து, ஒரே வெப்பத்தைப் பெற்று, ஏறத்தாழ ஒரே வயதில் இறங்குகின்றன.

கணக்கு எழுதுவோர்க்குக் கணக்கில்லாமல் பேசினால் மனம் அமைதி கொள்வதில்லை. உள்விட்டம் 1 மில்லிமீட்டர், நீளம் 10 மீட்டர் உள்ள குழாய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவு 8 மில்லிலிட்டருக்குச் சற்றுக் குறைவு. நிமிடத்துக்கு 1 மில்லிலிட்டர் வீதம் செலுத்தினால் ஒவ்வொரு துளியும் குழாயில் தங்கும் நேரம் சராசரியாக 8 நிமிடத்துக்கும் சற்றுக் குறைவு. வேகத்தைப் பாதியாக்கினால் நேரம் இரட்டிக்கும். எனவே பம்பின் திருகைத் திருப்பினால் நேரம் மாறும். நேரம் மாறினால் அளவு மாறும். அளவு மாறினால் நிறம் மாறும். ஒரு விரலசைவில் பச்சை மஞ்சளாகின்றது! அக்குழாய் இரவு பகலாக ஓடினால் நாளொன்றுக்கு 1,440 மில்லிலிட்டர் திரவம் வரும். இன்னும் வேண்டுமெனில் அண்டாவைப் பெரிதாக்கத் தேவையில்லை. அதே போன்ற குழாய்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டே போகலாம்.

மெல்லிய குழாய்க்கு வேறு நலன்களும் உண்டு. வெப்பம் சுவர் வழியாகவே உட்செல்ல வேண்டும். 1 மில்லிமீட்டர்க் குழாயில், அதிலுள்ள திரவத்தோடு ஒப்பிட, சுவரின் பரப்பு 1 மீட்டர் விட்டமுள்ள குழாயில் இருப்பதைப்போல் ஆயிரம் மடங்கு. ஆகவே சூடு ஏறுவதும் இறங்குவதும் விரைவில் நிகழும். கலப்பதும் விரைவே, அகலத்தைப் பாதியாக்கினால், பொருள்கள் தாமாகப் பரவிக் கலக்கும் நேரம் கால் பங்காகக் குறையும். மேலும், நீர் 100 டிகிரியில் கொதித்துவிடும் என்னும் தடையையும் அழுத்தத்தால் வெல்லலாம். நம் வீட்டுக் குக்கரில் ஏறத்தாழ 120 டிகிரியில் அரிசி வேகவில்லையா? சாணக்கியபுரி இரயில் அருங்காட்சியகத்தில் நிற்கும் நீராவி எஞ்சின்களின் கொதிகலனும் இத்தத்துவத்தால் இயங்கியதே. வளிமண்டலத்தைப் போல் பத்து மடங்கு அழுத்தத்தில் நீர் 180 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். பெரும் பாத்திரத்தை அவ்வழுத்தத்தில் வைப்பது அச்சத்துக்குரியது. சில மில்லிலிட்டரே கொண்ட குழாயில் அந்த அச்சம் மிகவும் குறைவு.

குறைகளையும் மறைக்கலாகாது. குழாயின் நடுவில் ஓடும் நீர் விரைவாகவும் சுவரை ஒட்டியது மெதுவாகவும் செல்லும். ஆகவே வயதில் வேறுபாடு நேரும். இதற்கு மாற்றாக, இடையிடையே காற்றுக்குமிழையோ எண்ணெயையோ புகுத்தித் திரவத்தைச் சிறு சிறு துளிகளாகத் துண்டிப்பர். சரக்கு வண்டியின் பெட்டிகள் போல அவை முன்னும் பின்னும் கலவாமல் வரிசையாகச் செல்லும். அடுத்து, மணிகள் சுவரில் படிந்து குழாயை அடைத்துக்கொள்வதும் உண்டு. பாதையில் அடைப்பு நேர்ந்தால் எல்லா வண்டியும் நிற்கவேண்டியதுதானே! நீரில் பிறந்த மணிகள் பலவற்றில் படிகக் குறைகள் மிகுந்து, சூடான எண்ணெயில் பிறந்தவற்றின் ஒளிர்வைப் பெறாமல் இருப்பதும் உண்டு. இவற்றைக் களைவதே ஆராய்ச்சியாளர் முன் நிற்கும் வேலை. குழாயின் முடிவில் ஓர் ஒளிக்கருவியை அமைத்து, டிக்கெட் பரிசோதகரைப் போல ஒவ்வொரு துளியின் நிறத்தையும் ஓட்டத்திலேயே சோதித்து, பிசகு கண்டால் பம்பைத் தானே திருத்தும் ஏற்பாடுகளும் வந்துள்ளன.

அன்பர்களே! இனி நாம் சொல்லப்போவதே இப்பேச்சின் முடிபான கருத்து. நீரில் செய்கிறோம் என்பதனால் மட்டும் ஒரு பொருள் தூயதாகிவிடாது. கரைப்பானின் நஞ்சு நீங்கலாம். காட்மியத்தின் நஞ்சு நீங்காது. ஜப்பான் நாட்டில் ஜின்சு ஆற்றங்கரை உழவர்கள் என்ன பாடுபட்டனர்? சுரங்கத்திலிருந்து வந்த காட்மியம் ஆற்று நீரில் கலந்து, வயலில் பாய்ந்து, அரிசியில் ஏறி, உண்டவர்களின் சிறுநீரகத்தைக் கெடுத்து, எலும்பை நொறுங்கச் செய்தது. நோவு தாங்காமல் அவர்கள் அலறிய 'இத்தாய், இத்தாய்' என்னும் ஒலியே அந்நோய்க்குப் பெயராயிற்று. அதற்குக் காரணம் காட்மியமே என்று ஜப்பான் அரசு 1968-இல் ஒப்புக்கொண்டது. நம் நாட்டுக் குடிநீர்த் தரவிதிப்படி ஒரு லிட்டர் நீரில் காட்மியம் 0.003 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது. எவ்வளவு சிறிய அளவு என்பதை எண்ணிப் பாருங்கள்!

எண்ணெயில் கரையும் நஞ்சைவிட நீரில் கரையும் நஞ்சு சாக்கடையை நாடுவது எளிது. சாக்கடை செல்வது யமுனைக்கு. பழைய பெட்டிகள் செல்வதோ இதே தில்லியின் சீலம்பூருக்கு. அங்கே ஏழை மக்கள் மின்னணுச் சாமான்களைக் கையால் உடைத்துப் பிழைக்கின்றனர். அவர்கள் கையில் எது படுகிறது என்பது நம் வீட்டுத் திரையின் அழகைவிடப் பெரிய கேள்வி. நம் நாட்டு மின்னணுக் கழிவு விதிகள் இத்தகைய சாதனங்களில் காட்மியத்துக்கு நூற்றுக்கு 0.01 பங்கு என்று வரம்பு விதித்துள்ளன. காட்மியம் இல்லாத இண்டியம் பாஸ்பைடு மணிகள் திரைகளுக்கு வந்துவிட்டன. செம்பு, வெள்ளி, இண்டியம், கந்தகம் ஆகியவற்றைச் சேர்த்து நீரிலேயே செய்யும் மணிகளும் உள்ளன. நீர், ஓட்டம், நஞ்சில்லாப் பொருள் ஆகிய மூன்றும் ஒன்றுசேரும் இடத்திலேதான் இம்முறையின் உண்மையான வெற்றி இருக்கின்றது. இரண்டு மட்டும் இருந்தால் அது பாதி வெற்றியே.

இவ்வேலைக்கு வேண்டிய அறிவு நம் நாட்டில் இல்லாமலில்லை. புனே தேசிய இரசாயன ஆராய்ச்சிக் கூடத்தில் தொடர் ஓட்டக் கருவிகளை வடிவமைத்துவரும் அமோல் குல்கர்னி 2020-ஆம் ஆண்டுக்குரிய பட்நாகர் பரிசைப் பெற்றவர். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் டி. டி. சர்மா குவாண்டம் புள்ளிகளைப் பற்றிப் பல்லாண்டுகள் ஆராய்ந்தவர். நம் குடியிருப்புக்கு அண்மையிலேயே ஹவுஸ் காஸில் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கின்றது. ஓட்ட முறைக்கு மாளிகை போன்ற தொழிற்சாலை தேவையில்லை. இரண்டு பம்புகள், சில மீட்டர் குழாய், ஒரு வெந்நீர்த் தொட்டி, ஓர் ஒளிக்கருவி ஆகியவற்றை ஒரு மேசைமேல் வைத்துத் தொடங்கலாம். வசதி குறைந்த கல்லூரியில் பயிலும் மாணவனும் மாணவியும் தொடக்கூடிய துறை இது. நஞ்சில்லாப் பொருள்களைக் கொண்டு, ஆசிரியர் மேற்பார்வையில் செய்தல் வேண்டும் என்பதை மட்டும் வற்புறுத்துகிறோம்.

பெற்றோர்களே! நம் பிள்ளைகளுக்கு எந்த வேலையில் எவ்வளவு சம்பளம் என்று விசாரிக்கும் நாம், எந்தப் பொருள் எதனால் ஆகிறது, முடிவில் எங்கே போகிறது என்று கேட்கவும் அவர்களைப் பழக்குவோமாக. வத்திராயிருப்பிலிருந்து ஒருவர் தில்லி வரை வந்து ஒரு தேசிய ஆராய்ச்சிக் கூடத்தையே உருவாக்கினார். சரோஜினி நகர்க் குடியிருப்பிலிருந்து ஒரு பிள்ளை பூசா வரை செல்வதற்கு எவ்வளவு தூரம் ஆகிவிடும்?